சிவப்பே இல்லாத சிவப்புக் கதவு: பழைய ஜப்பானிய கேம்கள், கேள்வி பதில்

இருபது வருடமாக, யாரும் கேட்காமலேயே, யாரும் ஆடாத ஜப்பானிய கேம்களை ஆடி விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டிவியில் மாட்டி ஆடுகிற பழைய கேம் பெட்டிகள்: ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், சாட்டர்ன், முதல் பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட். என் எல்லை இவ்வளவுதான். விலை சொல்ல மாட்டேன், டவுன்லோடு லிங்க் தர மாட்டேன். மற்றபடி எதையும் கேளுங்கள்.

பழைய கேசட்: அண்ணா, தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு டிவி கேமில் இரண்டு பென்குயின் வரும். ஒன்றை இடது பக்கம் தள்ளினால் இன்னொன்று வலது பக்கம் போகும். தம்பி நம்ப மாட்டேன் என்கிறான். கனவு கண்டேனா?

கனவில்லை. அது ‘பைனரி லேண்ட்’. ஹட்சன் சாஃப்ட் 1985-இல் ஃபேமிகாமுக்குப் போட்டது. ஒரே பட்டனுக்கு இரண்டு பென்குயினும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிராக நகரும். நடுவில் சுவர், சிலந்தி, சிலந்தி வலை. இரண்டும் உச்சியில் இருக்கிற இதயத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒன்று வலையில் மாட்டினால் இன்னொன்று போய் மருந்தடித்து விடுவிக்க வேண்டும். காதல் கேம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் கேள்வியில் வேறொரு சங்கதியும் இருக்கிறது. நம் ஊரில் அன்று விற்ற டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ். கேசட்டில் 72 பின், ஜப்பானிய கேசட்டில் 60. நம்முடையது 60. அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத கேம்களை நாம், ஜப்பானியம் என்றே தெரியாமல், சனிக்கிழமை மதியங்களில் ஆடித் தீர்த்திருக்கிறோம். ‘ஐலண்டர்’ என்று நாம் சொன்ன, தொப்பிக்காரன் கோடரி எறிகிற கேம் ‘தகஹாஷி மெய்ஜின் நோ போக்கென்ஜிமா’, 1986. தகஹாஷி மெய்ஜின் நிஜ மனிதர். ஹட்சன் கம்பெனியின் விளம்பர ஊழியர். ஒரு நொடியில் பட்டனை 16 தடவை அழுத்துவார் என்பதுதான் அவருடைய புகழ். நாம் அவரை ‘இலைக்கோவணக்காரன்’ என்றோம்.

சேலம்_சாட்டர்ன்: ஜப்பானிலிருந்து நண்பன் சூப்பர் ஃபேமிகாம் கொண்டுவருகிறான். அடாப்டரும் கூடவே வருகிறது. வேறு என்ன தேவை?

அந்த அடாப்டரை மட்டும் நம்பாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் சுவரில் 230. அப்படியே சொருகினால் போச்சு. நான் சொருகியிருக்கிறேன். சுவிட்சைப் போட்டதும் முதலில் மெழுகு உருகுகிற மாதிரி ஒரு வாசனை, பிறகு உறுமல், பிறகு வீட்டில் ஃபியூஸ். கரிய கட்டியை இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், அவ்வப்போது பார்த்துத் திருந்துவதற்கு.

230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அதில் அந்த அடாப்டரைச் சொருகுங்கள். அல்லது 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர், நடுமுனை மைனஸ் என்று இருக்கிற அடாப்டர் தேடுங்கள். நடுமுனை மைனஸ் என்பதை இரண்டு தடவை படியுங்கள், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுமுனை பிளஸ். அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் முனை பார்க்கப் பொருந்தும், ஆனால் அது ஏ.சி. கரண்டையே வெளியே தள்ளும். அதையும் சொருகாதீர்கள்.

கோவைக்காரன்: ‘குசோகே’ என்கிறார்களே, சும்மா மோசமான கேம் என்று அர்த்தமா?

‘குசோ’ என்றால் மலம், ‘கே’ என்பது ‘கேம்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. அச்சில் போடத் தயங்குகிற தமிழ்ச் சொல் ஒன்று உங்கள் நாக்கில் வந்திருக்கும், அதேதான். ஓவியரும் எழுத்தாளருமான மியுரா ஜுன் இந்தச் சொல்லைப் பரப்பினார் என்பார்கள். அவர் கை வைத்தது ‘இக்கி’ என்கிற சன்சாஃப்ட் கேமில். இக்கி என்றால் விவசாயிகளின் கலகம். ஊரே திரண்டு எழுவதுதானே கலகம்? இங்கே கலகக்காரர்கள் மொத்தம் ஒருவர், மிஞ்சினால் இருவர். அரிவாளை எறிந்துகொண்டே ஓட வேண்டும். வழியில் மூங்கில் ஈட்டி பரிசாகக் கிடைக்கும். ஆசையாக எடுத்தால் அரிவாள் எறிய முடியாமல் போகும். பரிசு என்று வந்து ஆளைக் கொல்கிற பரிசு.

நான் அந்தச் சொல்லை ஆசையோடுதான் சொல்கிறேன். வெறும் மட்டமான கேமை யாரும் முப்பது வருடம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ‘டெத் கிரிம்சன்’ பாருங்கள். சாட்டர்னுக்கு எக்கோல் கம்பெனி 1996-இல் போட்ட துப்பாக்கி கேம். பத்திரிகை வாசகர் தரவரிசையில் கடைசியில் கிடந்தது. ஆரம்பக் காட்சியில் நாயகன், “வந்ததுதான் வந்தோம், நான் இந்தச் சிவப்புக் கதவைத் தேர்ந்தெடுக்கிறேன்” என்பான். திரையில் கதவு சிவப்பாகவே இருக்காது. இன்றும் ஜப்பானியர்கள் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது அவமதிப்பா அன்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஃப்ரீஃபயர்_தம்பி: இதெல்லாம் எங்கே டவுன்லோடு பண்றது?

மேலே எழுதியிருக்கிறேன்.

மிளகாய்ப்பொடி: ‘தகேஷி நோ சோசென்ஜோ’வை நீங்கள் எப்போதும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். நான் ஆடினேன். மட்டமோ மட்டம். பிரபலம் ஒருத்தர் செய்ததால் கலை, இல்லையென்றால் குப்பை, அப்படித்தானே?

தெரியாதவர்களுக்கு: டைட்டோ கம்பெனி 1986 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் கேம். நகைச்சுவை நடிகர் பீட் தகேஷியின் யோசனைகளை வைத்துச் செய்தது. அதற்கு முந்தின நாள்தான் அவர் தன் சீடர்களோடு ஒரு வார இதழின் அலுவலகத்துக்குள் புகுந்து அடிதடி செய்து கைதானார். அது தனிக் கதை.

நீங்கள் ஓர் ஆபீஸ் குமாஸ்தா. புதையல் தேடித் தென்கடல் தீவுக்குப் போக வேண்டும். அதற்கு முன் வேலையை விட வேண்டும், மனைவியை விவாகரத்து செய்ய வேண்டும், குடிக்க வேண்டும், கரோக்கே பாட வேண்டும். பாட்டு நிஜப் பாட்டு. ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு குட்டி மைக் உண்டு, அதில் பாட வேண்டும். அந்த மைக்குக்கு சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. நான் ராத்திரி பதினோரு மணிக்கு அதில் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

புதையல் வரைபடம் வெற்றுத் தாள். அதில் எழுத்து தெரிய ஒரு வழி, வெயிலில் காயவைத்துவிட்டு நிஜமாகவே ஒரு மணி நேரம் எந்தப் பட்டனையும் தொடாமல் உட்காருவது. எல்லாம் முடித்துப் புதையலை எடுத்தால், கொஞ்ச நேரம் கழித்துத் தகேஷியின் முகம் வந்து, “இப்படியொரு கேமைப் போய் சீரியஸாக எடுத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்கும்.

மட்டம் என்கிறீர்கள். ஆடுகிற கை வலிக்கும்படி மட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு மட்டத்தனத்துக்கும் பின்னால் ஒருத்தர் உட்கார்ந்து சிரிப்பது தெரிகிறது. அதைத்தான் நான் கொண்டாடுகிறேன்.

மிளகாய்ப்பொடி: சிரிப்பது தெரிகிறது என்பது உங்கள் கற்பனை. ‘ஹோஷி ஓ மிரு ஹிதோ’வை மூன்று வருடம் முன்பு நீங்களே கிழித்துத் தொங்கவிட்டீர்கள். அதிலும் இதே கொடுமைதானே?

1987, ஹாட்-பி கம்பெனி. ஆமாம், கிழித்தேன். கேம் ஆரம்பித்ததும் வெட்டவெளியில் விட்டுவிடுவார்கள். முதல் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. எருமை மாதிரி மெதுவாக நடை. முதல் சண்டையிலேயே செத்துப்போவீர்கள். அது வேண்டுமென்றே செய்த குறும்பு இல்லை, முடிக்காமல் விட்ட வேலை.

தூங்காதவன்: குறுக்கே வருகிறேன். அந்தக் கேமின் கதையில் மனிதர்களை ஆளும் கம்ப்யூட்டர், மனோசக்தி உள்ளவர்களை வேட்டையாடுகிறது. ஒளிந்து வாழ்பவர்களின் ஊர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறதே? தகேஷிக்குக் கொடுத்த சந்தேகத்தின் பலனை இவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை?

மிளகாய்ப்பொடி: அதேதான் நான் கேட்டது. பெயர்.

தேநீர் போட்டுக்கொண்டு வந்து யோசித்தேன். ஊர் விஷயத்தில் நீங்கள் இருவரும் சொல்வது சரி. ‘முட்டாள்தனம்’ என்று எழுதியிருந்தேன், அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எருமை நடைக்குக் கதையில் எந்த நியாயமும் கிடையாது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெயர் பற்றி. தகேஷி என்ற பெயர் இல்லாவிட்டால் அந்தக் கேம் பக்கமே போயிருக்க மாட்டேன், உண்மை. ஆனால் போன பிறகு பார்த்தது பெயரை இல்லை. வித்தியாசம் இதுதான்: ஒன்று என்னை உட்காரவைத்துக் கேலி செய்கிறது, இன்னொன்று நான் இருப்பதையே மறந்துவிடுகிறது. முதலாவதிடம் கோபம் வரும், இரண்டாவதிடம் அலுப்புதான் வரும்.

மிளகாய்ப்பொடி: எனக்கு இரண்டிலும் அலுப்புதான்.

உங்கள் உரிமை. ஜப்பானில் ‘கேம் சென்டர் சி.எக்ஸ்’ என்று 2003-இல் தொடங்கிய டிவி நிகழ்ச்சி உண்டு. அரினோ ஷின்யா என்கிற நகைச்சுவையாளர் பழைய கேம்களை மணிக்கணக்கில் ஆடித் தோற்பார். முதல் பலி இந்தத் தகேஷி கேம்தான். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், மீண்டும் சண்டை போடலாம்.

கடல்காற்று: என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. அவர் ஆடக்கூடிய பழைய கேம் ஏதாவது உண்டா?

இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ‘ரியல் சவுண்ட்: காஸே நோ ரிகிரெட்டோ’. சாட்டர்ன், 1997, வார்ப் கம்பெனி, உருவாக்கியவர் இனோ கென்ஜி. டிவியில் படமே கிடையாது. முழுக்கக் காதால் கேட்கிற கதை. இடையில் மணி ஒலிக்கும், அப்போது கன்ட்ரோலரில் ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தால் கதை அந்தப் பக்கம் திரும்பும்.

பார்வையில்லாத ரசிகர்கள் இனோவின் முந்தைய கேம்களைச் சத்தத்தை வைத்தே ஆடுவது தெரிந்து, அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு இதைச் செய்தார். ஆயிரம் சாட்டர்னைப் பார்வையில்லாதவர்களுக்குத் தர வேண்டும் என்று, சாட்டர்னைச் செய்த சேகா கம்பெனியிடம் நிபந்தனை போட்டதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் பிரெய்ல் குறிப்பும் ஒரு பொட்டலம் செடி விதையும் இருந்தன. கதை எழுதியவர் சகமோட்டோ யூஜி. 2023-இல் கான் பட விழாவில் சிறந்த திரைக்கதை விருது வாங்கிய அதே சகமோட்டோ. இனோ 2013-இல் இறந்துபோனார்.

இப்போது கெட்ட செய்தி. முழுக்க ஜப்பானியப் பேச்சு. மொழி தெரியாமல் ஒரு நிமிடம்கூட நகராது. அண்ணனுக்கு ஜப்பானியம் வராது என்றால், பார்வையற்றவர்களுக்காகவே செய்த ஆங்கில ஆடியோ கேம்கள் நிறைய இருக்கின்றன. அவை என் துறை இல்லை. அந்த வட்டாரத்தில் உள்ளவர்களிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பயந்தாங்கொள்ளி: ‘எல்.எஸ்.டி.’ என்கிற பிளேஸ்டேஷன் கேமில் பேய் இருக்கிறதாமே?

இல்லை. அஸ்மிக் ஏஸ் கம்பெனி, 1998, உருவாக்கியவர் சாட்டோ ஒசாமு. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் பத்து வருடத்துக்கும் மேலாக எழுதிவந்த கனவு நாட்குறிப்பை வைத்துச் செய்தது. நடப்பீர்கள், சுவரைத் தொட்டால் வேறொரு இடம் வந்துவிடும், பத்து நிமிடத்துக்குள் விழித்துக்கொள்வீர்கள். சாம்பல் நிற ஆள் ஒருவன் நெருங்கி வருவான். பேய் வீடியோக்களை நிறுத்திவிட்டு விளக்கை அணைத்து ஆடிப் பாருங்கள். பயம் குறையாது, ஆனால் தரமான பயமாக இருக்கும்.

மதுரை_மரியோ: ரோம் லிங்க் ப்ளீஸ் சார்.

தகேஷி கேமை டைட்டோவே 2017-இல் மொபைலுக்கு விட்டது. ‘மூன்’ என்கிற அற்புதமான கேம் ஆங்கிலத்தில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் பெட்டிக்கு வந்திருக்கிறது. லிங்க் கேட்டு இன்னொருவர் வந்தால் பதில் வராது.

புது_விமர்சகன்: நானும் இந்த மாதிரி கேம்களை விமர்சித்து வீடியோ போட ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

கையேட்டிலிருந்து. அந்தக் காலத்துக் கேசட்டில் கதை சொல்ல இடம் இல்லை. பாதிக் கேம் அச்சிட்ட தாளில் இருந்தது. தாளைத் தொலைத்துவிட்டு “ஒன்றுமே புரியவில்லை, மட்டம்” என்று கத்துகிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கையேடுகள் ஸ்கேனாகக் கிடைக்கின்றன, போன் கேமராவை நீட்டினால் அரைகுறையாக மொழிபெயர்க்கும். அரைகுறை போதும்.

அப்புறம், முடிக்காமல் விட்டால் எங்கே விட்டேன் என்று சொல்லுங்கள். வழிகாட்டி பார்த்தால் பார்த்தேன் என்று சொல்லுங்கள். வராத கோபத்தை வரவழைக்காதீர்கள். “ஜப்பான்காரன் கிறுக்கன்” என்ற வரி மட்டும் உங்கள் வீடியோவில் வந்தால் நான் பார்க்க மாட்டேன். கிறுக்குத்தனம் ஒரு நாட்டின் குணம் இல்லை, ஒருவர் உட்கார்ந்து எடுத்த முடிவு. அவர் யார், ஏன் என்று தேடுவதுதான் இந்த வேலையில் ருசி. சேகா ட்ரீம்காஸ்ட்டைக் கைவிட்ட 2001-இல், நஷ்டத்தில் இருக்கிற சேகாவை நீங்களே நிர்வகித்துக் காப்பாற்றுகிற ‘சேகாகாகா’ என்ற கேமை சேகாவே விற்றது. அதைக் கிறுக்கு என்று ஒரு சொல்லில் முடித்தால் எவ்வளவு நஷ்டம்!

நடுத்தெரு_நாயகன்: தாத்தா வீட்டுப் பரணில் ஒரு சிவப்பு வெள்ளை ஃபேமிகாம் கிடைத்தது! வயர், அடாப்டர் எல்லாம் இருக்கிறது. இப்போதே போட்டுப் பார்க்கட்டுமா?

கையை எடுங்கள். முதலில் மேலே சேலம் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். பிறகு அடாப்டரின் படம் அனுப்புங்கள். ‘100V’ என்று எழுதியிருக்கும் பக்கம் தெரிய வேண்டும்.