எழுத்து உதிர்ந்தால் திரையை மாற்றாதீர்கள்

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்காக, விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்தில் ஓடும் பழைய கணினி ஒன்றையும் முப்பது பிளொப்பிகளையும் 18,000 ரூபாவுக்கு வாங்கினோம். சற்று நேரம் ஓடியதும் திரையிலுள்ள எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து அடியில் குவிகின்றன. திரை பழுது என்று சொல்லும் விற்பனையாளர், வேறொரு திரைக்கு 9,000 ரூபா கேட்கிறார். வாங்கலாமா? (ஆசிரியர், அக்கரைப்பற்று)

பதில்: வாங்க வேண்டாம். பழுதான திரை மங்கும், கோடு விழும், அணைந்துபோகும். எழுத்துகளை மட்டும் பொறுக்கியெடுத்து வேப்பம்பூப் போல உதிர்க்காது. இது 1980களின் பிற்பகுதியில் பரவிய காஸ்கேட் என்னும் வைரஸின் கைவரிசை. அது, பெயர் .COM என்று முடியும் 'கொம்' வகை நிரலின் வாலில் தன்னை ஒட்டிக்கொண்டு, அந்த நிரலின் முதல் சில பைட்டுகளை மாற்றி, 'முதலில் என்னிடம் வா' என்று கணினியைத் தன் பக்கம் திருப்பிவிடும். தன் வேலை முடிந்த பின்னரே உண்மையான நிரலை ஓடவிடும் என்பதால், உரியவருக்கு ஐயம் எழாது. ஆனால் ஒட்டிக்கொண்ட நிரலின் அளவு, வகையைப் பொறுத்து, 1701 அல்லது 1704 பைட் கூடியிருக்கும். கோப்புகளின் அளவைக் காட்டும் 'டிர்' (DIR) கட்டளையைத் தட்டி, அதே நிரலின் சுத்தமான பிரதியோடு அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு, சுத்தமான, எழுத முடியாதபடி பூட்டிய பிளொப்பியிலிருந்தே கணினியைத் தொடக்கவும். பெரிய ஐந்தேகால் அங்குலத் தட்டென்றால் ஓரத்து வெட்டை நாடாவால் மூட வேண்டும்; சிறிய மூன்றரை அங்குலத் தட்டென்றால் மூலையிலுள்ள துளையைத் திறந்துவிட வேண்டும். இரண்டும் நேர்மாறு. இதை மாற்றிச் செய்து நான் கெடுத்த தட்டுகளின் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை.

கேள்வி: வைரஸ் உள்ள பென்டிரைவையும் இல்லாததையும் ஒரே பையில் வைத்தால் தொற்றுமா? (வாழைச்சேனை)

பதில்: தொற்றாது.

கேள்வி: ஒப்படையை அச்சிடுவதற்குக் கொமியுனிகேஷன் ஒன்றில் பென்டிரைவைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செருகியதும் எங்கள் கணினி கெட்டது. கேட்டால், 'உங்கள் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும்' என்கிறார் கடைக்காரர். (உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: உங்களில் பிழை இல்லை, மகள். கடைக்காரரிடம்தான் எனக்குப் பேச்சிருக்கிறது. பல ஆண்டுகளாக இருக்கிறது. நாளொன்றுக்கு ஐம்பது பேரின் பென்டிரைவை ஒரே கணினியில் செருகி எடுப்பவர், வண்டு விழுந்த மூட்டையில் அளந்த கொத்தைத் தட்டிக்கூடப் பாராமல் அடுத்த மூட்டையிலும் விடுகிற அரிசிக் கடைக்காரருக்கு ஒப்பானவர். கடைசியில் எல்லா மூட்டையிலும் வண்டு இருக்கும். எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்பதே அவருக்குப் பாதுகாப்பு.

இந்தத் தொழில்முறை பென்டிரைவோடு பிறந்ததன்று. இணையம் இல்லாத காலத்தில் வைரஸுக்கு இருந்த முக்கிய வாகனம், கைக்குக் கை மாறிய பிளொப்பிதான். 1987 ஒக்டோபரில் ஜெரூசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்த ஊரின் பெயரையே பெற்ற வைரஸ், கணினியின் நினைவகத்தில் குந்தியிருந்து, அதன் பின் ஓட்டப்படும் ஒவ்வொரு நிரலிலும் ஏறியது. 'கொம்' நிரலென்றால் ஒருமுறை ஏறி 1813 பைட் கூட்டியது. பெயர் .EXE என்று முடியும் 'எக்ஸி' நிரலில் ஏற்கெனவே ஏறியிருப்பதை அறியும் புத்தி அதற்கு இல்லாததால், ஓட்டும்போதெல்லாம் ஏறத்தாழ 1808 பைட் வீதம் திரும்பத் திரும்ப ஏறி, நினைவகத்தில் அடங்காத அளவுக்கு நிரலை வீங்கவைத்தது. அரை மணி நேரத்தில் கணினி நொண்டத் தொடங்கும். 13ஆம் திகதி வெள்ளிக்கிழமையாக அமைந்தால், அன்று ஓட்டும் நிரல் ஒவ்வொன்றையும் அழித்துவிடும். 1987ஆம் ஆண்டை மட்டும் அது விட்டுவைத்ததால், அது அழிவு வேலை செய்யக்கூடிய முதலாவது அத்தகைய நாள் 1988 மே 13. இப்படிப்பட்ட ஒன்று, ஒரு பயிற்சி வகுப்பின் ஒரேயொரு தட்டிலிருந்து அங்கு படிக்கும் அத்தனை பேர் வீட்டுக்கும் போகும். தட்டைப் பூட்டியிருந்தால் போகாது. அந்த ஒரு சிறு நாடாத் துண்டுக்குக் கடைக்காரர்களிடம் அன்றும் மனமில்லை. இன்று வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பிக்கவும் மனமில்லை.

வைரஸ் கடையில்தான் தொற்றியது என்று நிறுவ உங்களிடம் சான்று இல்லாததால் நட்டஈடு கிடைப்பது கடினம். இனிமேல் ஒப்படையைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கேள்வி: வைரஸ் மதர்போட்டை எரித்துவிட்டதாம். புதியதற்கு 35,000 ரூபா கேட்கும் திருத்துநர், பழையதைத் திருப்பித் தர மறுக்கிறார். வைரஸ் அப்படி எரிக்குமா? (தையற்கடை உரிமையாளர், சம்மாந்துறை)

பதில்: எரிக்காது. இந்தக் கதையை நம்பி நானே ஒருமுறை பணம் கொடுத்திருப்பதால், உங்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. இரண்டு மாதங்களுக்கு முன், பாவித்த கணினியொன்றையும் அதனோடு இனாமாகக் கிடைத்த, பெயர் எழுதாத ஐந்து சீடிகளையும் வாங்கியிருந்தேன். அன்று காலை விசையை அழுத்தினேன்; விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. திருத்துநர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, 'எரிந்துவிட்டது' என்றார். புதிய போட்டுக்குப் பணம் வாங்கினார், பழையதை எடுத்துக்கொண்டார். உண்மையில் எதுவும் எரியவில்லை. தாய்வானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் 1998இல் எழுதிய சிஐஎச் என்னும் வைரஸ், விண்டோஸ் 95, 98 நிரல்களுக்குள் வெறுமையாகக் கிடக்கும் இடைவெளிகளில் துண்டு துண்டாக ஒளிந்துகொண்டதால் கோப்பின் அளவுகூட மாறவில்லை. அந்தத் திகதியில் அது ஹார்ட் டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்தது. சில வகைப் போட்டுகளில், கணினியைத் தொடக்கும் கட்டளைகளை வைத்திருக்கும் பயோஸ் சில்லின் உள்ளடக்கத்தையும் கெடுத்தது. சில்லைக் கழற்றி மீண்டும் எழுதியிருந்தால் அதே போட் ஓடியிருக்கும். பின்னர்தான் அறிந்தேன். கள்ளச் சீடி வாங்கியவருக்கு இது வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஆண்டு மார்ச்சில் ஐபிஎம் நிறுவனத்தின் அப்டிவா கணினிகள் சிலவும் இதே வைரஸோடுதான் புதிதாக விற்பனைக்கு வந்தன.

சிஐஎச் இன்றைய விண்டோஸில் ஓடாது. ஆகவே கழற்றிய போட்டைக் கையில் தரச் சொல்லுங்கள், வேலை விபரம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள், பணம் கொடுக்குமுன் வேறொருவரிடம் காட்டுங்கள். பற்றுச்சீட்டு தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

கேள்வி: இலவசமாகக் கிடைத்த விளையாட்டொன்று, வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினேன். இப்போது சோதிக்கச் சோதிக்கத் தொற்றிய கோப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஏன்? பணத்தைத் திரும்பப் பெறலாமா? (ஏறாவூர்)

பதில்: காவல் நாயைக் கட்டிப்போடச் சொல்லும் விருந்தாளி எதற்கு வந்தான் என்று அப்போதே யோசித்திருக்கலாம். 1989இல் பல்கேரியாவிலிருந்து வந்த டார்க் அவெஞ்சர் வைரஸ், நிரலை ஓட்டும்போது மட்டுமல்ல, திறந்து படிக்கும்போதும் தொற்றியது; ஆகவே, அது நினைவகத்தில் இருக்கையில் சோதனை மென்பொருளை ஓட்டியவர்கள், சோதிப்பதற்காகத் திறந்த ஒவ்வொரு நிரலிலும் தாங்களே அதை ஏற்றினார்கள். போதாதற்கு, தொற்றிய நிரல் பதினாறு முறை ஓடும்போதெல்லாம் வட்டின் ஏதோவொரு பகுதியின் மேல் குப்பையை எழுதியதால், பல வாரம் கழித்துக் காப்புப் பிரதியும் கெட்டிருப்பது தெரியவந்தது. உங்கள் கணினியிலும் வைரஸ் விழித்திருக்கும்போதுதான் சோதிக்கிறீர்கள். கணினியை அணைத்துவிட்டு, வேறொரு சுத்தமான கணினியில் தயாரித்த மீட்பு வட்டிலிருந்து தொடக்கிச் சோதியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எதுவும் கொடுக்கவில்லையே.