கலீஜும் வளைகுடாவும்

கேள்வி: அரபியில் 'கலீஜ்' என்றால் வளைகுடா. துபாயில் 'கலீஜ் டைம்ஸ்' என்று ஒரு நாளிதழே வருகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த சொல்தான் சென்னையில் 'அசுத்தம்' ஆகிவிட்டது என்கிறார் நண்பர். சரியா? இப்படிப்பட்ட கீழ்த்தரமான சொல்லை ஒரு பத்திரிகை அச்சிடலாமா?

பதில்: உங்கள் நண்பர் பாதி சரி. அரபியில் வளைகுடாவுக்குக் கலீஜ் என்றுதான் பெயர். மீதிப் பாதி கட்டுக்கதை. நம்மவர்கள் பெருங்கூட்டமாக அங்கே போனது 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு. அவர்களுக்காகவா இத்தனை காலம் சென்னைக்காரர் கலீஜ் என்று சொல்லாமல் காத்திருந்தார்? தெலுங்கிலும் கன்னடத்திலும் 'கலீஜு' என்றால் இதே அழுக்குதான். அவர்களும் துபாயில் விமானம் ஏறித்தான் கொண்டுவந்தார்களா?

நம் கலீஜ் உருதுவின் 'கலீஸ்' என்ற சொல். கடைசி எழுத்தை வண்டு ரீங்கரிப்பது போல ஒலிக்க வேண்டும். அந்த ஒலி தமிழில் இல்லை. உருது வழியாக வந்தால் அதை 'ஜ' ஆக்குவது நம் வழக்கம்: ஜமீன், ஜில்லா, ஆஜர், ராஜினாமா. நோன்பு மாதத்தின் பெயரையே பாருங்கள். அரபி உச்சரிப்பைப் பின்பற்றுகிறவர்கள் ரமலான், ரமழான் என்கிறார்கள்; உருது வழியாக வந்தது ரம்ஜான். ஆக, வளைகுடாவின் கலீஜும் இந்தக் கலீஸும் அரபி எழுத்தில் கடைசியில் மட்டுமல்ல, முதலெழுத்திலேயே வேறுபட்ட இரண்டு சொற்கள். தமிழ் எழுத்தில் எழுதியதால் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன. ஆற்காட்டு நவாபு 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிய ஊரில் உருதுச் சொல் புழங்கியதில் என்ன வியப்பு?

அந்த உருதுச் சொல்லுக்கும் மூலம் அரபிதான். ஆனால் அரபியில் அதற்கு அழுக்கு என்று பொருளே இல்லை! தடித்தது, கனமானது, கடுமையானது, உறுதியானது, அவ்வளவுதான். அரபியில் பெருங்குடலுக்கே 'தடித்த குடல்' என்றுதான் பெயர், அதே அடைமொழியோடு. (அங்கேயே அழுக்கு ஒட்டிக்கொண்டதா என்று கேட்காதீர்கள்.) திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம், 21ஆம் வசனம் திருமண உடன்படிக்கையை உறுதியான ஒப்பந்தம் என்கிறது, 'உறுதியான' என்பதற்கு அங்கே நிற்பது இதே சொல்.

அப்புறம் எப்படி அழுக்கு வந்தது? இஸ்லாமியச் சட்ட நூல்களில் ஹனஃபி மரபு அசுத்தத்தைக் கடுமையானது, இலேசானது என்று இரண்டாகப் பிரிக்கிறது. கடுமையான அசுத்தத்துக்கு இந்த அடைமொழிதான். 'அசுத்தம்' உதிர்ந்துபோய், 'கடுமையான' என்பது மட்டும் அந்தப் பொருளைச் சுமந்துகொண்டு நின்றுவிட்டது என்பது என் ஊகம். உருதுவில் 'கலாசத்' என்ற பெயர்ச்சொல்லுக்கே அசுத்தம் என்றுதான் பொருள்.

பாரசீகம் இன்னும் பழைய பொருளை விடவில்லை. அங்கே கெட்டியான குழம்பும் கலீஸ், ஒருவருடைய பேச்சில் ஊர்வாடை பலமாக அடித்தால் அதுவும் கலீஸ். துருக்கியில் 'கலிஸ்' என்றால் ஆபாசம். காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் வசவுக்கு இந்த அடைமொழி. சென்னைக்காரர் 'கலீஜா பேசாதே' என்று அதட்டுவதை ஒரு துருக்கியர் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பாதி புரிந்துகொள்வார்.

கீழ்த்தரம் என்கிறீர்கள். ஜில்லாவும் ராஜினாமாவும் வந்த அதே வாசல் வழியாகத்தான் இதுவும் வந்தது. சர்க்கார் கச்சேரிக்குப் போனவை கௌரவமாயின, இது தெருவுக்குப் போனது. அந்த வித்தியாசத்துக்குச் சொல் என்ன செய்யும்?

அச்சிடலாமா என்றால், அச்சிட்டாயிற்று. இந்தப் பக்கத்தில் முதல் தடவை எழுதியது நீங்கள்தான்.