கேளுங்க சொல்றோம்: இங்க சுட்டா ஜெயில், அங்க சுட்டா ஃப்ரீ பெர்மிட்!

கேள்வி: எங்க சித்தப்பா பையன் நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச் பக்கம் வேலை பாக்குறான். பனிமலைல வரையாடு சுட்டேன்னு போட்டோ அனுப்புறான், கேட்டா கவர்மெண்டே ஃப்ரீயா பெர்மிட் குடுக்குதுங்கறான். அளந்து விடறானா?
- வாசகர், மதுரை

பதில்: அளக்கலைங்க, நெசம்தான். அவர் சுட்டது இமயமலை வரையாடு, அங்க தார்னு சொல்வாங்க. நியூசிலாந்துல வௌவாலை விட்டா, தரையில வாழற சொந்த ஊர் பாலூட்டின்னு ஒண்ணுமே கிடையாது. வெள்ளைக்காரங்க குடியேறினதுக்கு அப்புறம் இவ்ளோ பெரிய மலை சும்மா கெடக்கே, வேட்டைக்கு ஏதாச்சும் வேணாமான்னு யோசிச்சு, 1904-ல பெட்ஃபோர்ட் பிரபு குடுத்த தார் ஆடுகளை மவுண்ட் குக் பக்கம் விட்டாங்க, 1907-ல ஆஸ்திரியா பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் அனுப்பின ஷாமிங்கற மலையாட்டையும் கொண்டாந்து விட்டாங்க. அங்க ஓநாய் கிடையாது, சிறுத்தை கிடையாது, அப்புறம் என்ன, பெருகித் தள்ளிடுச்சு. அந்த மலைச் செடிங்களுக்கு குளம்புக்கால் மிருகம்னா என்னன்னே தெரியாது, கொத்துக் கொத்தா வளர்ற டஸக் புல்லு, மவுண்ட் குக் பட்டர்கப் பூச்செடி எல்லாத்தையும் மேஞ்சு மொட்டையாக்கிடுச்சுங்க.

1930கள்லயே சம்பளத்துக்கு ஆள் வெச்சு சுட்டாங்க. 1970கள்ல ஹெலிகாப்டர்ல போயி சுட்டு கறியை விக்கிற வியாபாரம் வந்துச்சு, அதுல ஆடு ரொம்பவே கொறைஞ்சு போயி 1983-ல அந்த வியாபாரத்தை நிறுத்த வேண்டியதாச்சு. நிறுத்தினதும் திரும்பப் பெருகுச்சு. 1993-ல போட்ட திட்டத்துல 10,000-க்கு மேல போகக் கூடாதுன்னு வரம்பு வெச்சாங்க, ஆனா பின்னாடி எண்ணிப் பாத்தா அரசு நெலத்துல மட்டுமே 30,000-க்கு மேல இருக்கும்னு மதிப்பீடு வந்துச்சு! 2020-ல ஹெலிகாப்டர் வெச்சு பெரிய அளவுல சுடப் போறோம்னு அரசு சொன்னதும் வேட்டைக்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க.

சரி, வேட்டைக்காரங்களே சுட்டுக் கொறைச்சா என்னன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். அவங்க தேடிப் போறது கொம்பும் பிடரி மயிரும் வெச்ச கிழட்டுக் கெடாவை. கெடாவ எத்தனை சுட்டாலும் மிச்சம் இருக்குற நாலு கெடா போதும், எல்லாப் பெட்டையும் குட்டி போட்டுடும். மந்தை கொறையணும்னா பெட்டையைத்தான் சுடணும், அதுக்கு போட்டோ மவுசு கெடையாது. உங்க தம்பிகிட்ட எந்த ஆட்டை சுட்டார்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பெர்மிட் ஃப்ரீன்னாலும் துப்பாக்கி லைசென்ஸ் தனியா வாங்கணும், அது ஃப்ரீ இல்ல.

கேள்வி: அப்போ அதுவும் நம்ம வரையாடும் அண்ணன் தம்பியா?
- வாசகி, வால்பாறை

பதில்: பாக்கத்தான் அப்படி. 2005-ல மரபணு பாத்தப்ப நம்ம நீலகிரி வரையாடு செம்மறி வகைக்குத்தான் கிட்டன்னு தெரிஞ்சு, அதுக்குத் தனிப் பேரினமே குடுத்துட்டாங்க. தமிழ்நாட்டுல 2024 கணக்குப்படி 1,031 தான் இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல இங்கயும் இஷ்டத்துக்கு சுட்டுத் தள்ளினாங்க, இப்ப 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு. தொடக் கூடாது.

கேள்வி: தூரத்துல இருந்து டெலஸ்கோப் வெச்ச துப்பாக்கில சுடறதுல என்ன சார் வீரம் இருக்கு?
- வாசகர், திருச்சி

பதில்: வீரம்னு நானும் சொல்ல மாட்டேன், ஆனா சுலபம்னு மட்டும் நெனச்சுடாதீங்க. சுடறது கடைசி ஒரு நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி எதிர்ச் சரிவுல பைனாகுலரோட மணிக்கணக்கா குளிர்ல உக்காந்து பாறை பாறையா தடவிப் பாக்கணும், மே ஜூன் மாசம் அங்க குளிர் தொடங்கற நேரம், அதுதான் இணை சேர்ற காலம், அப்பத்தான் கெடா வைக்கோல் நெறப் பிடரியோட வெளிய வரும். அப்புறம் காத்து. காலைல குளிர்ந்த காத்து மலையில இருந்து கீழ எறங்கும், வெயில் பட்டதும் மேல ஏறும், உங்க வாசனையும் அதோடயே போகும். தார் ஆபத்து கீழ இருந்துதான் வரும்னு கீழயே பாத்துட்டு நிக்கும், அதனால வெயில் ஏறுறதுக்குள்ள சுத்தி ஏறி அதுக்கு மேல போயி நிக்கிற ஆள்தான் கெட்டிக்காரன்.

அடுத்தது கணக்கு. 30 டிகிரி சரிவுல ஆடு 300 மீட்டர்ல நிக்குதுன்னா குண்டு விழுற கணக்கை 260 மீட்டருக்குத்தான் போடணும், ஏன்னா புவியீர்ப்புக்கு படுக்கைத் தூரம்தான் கணக்கு. மேல சுட்டாலும் கீழ சுட்டாலும் இதேதான். 300-ன்னு வெச்சு சுட்டா குண்டு குறி வெச்ச எடத்துக்கு மேல போயிடும்.

இதையெல்லாம் விட முக்கியம், விழுந்தா எங்க விழும்னு விரலை வைக்கிறதுக்கு முன்னாடியே பாக்கணும். செங்குத்துப் பாறை விளிம்புல சுட்டா உருண்டு போயி கொம்பு ஒடைஞ்சு கறியும் வீணாகி, எடுக்க எறங்கற ஆளும் போயிடுவான். சறுக்கி விழுந்து செத்தவங்க உண்டு. கால்ல முள்ளு மாட்டற கிராம்பான், ஐஸ் கோடாரி, பனிச்சரிவுல பொதைஞ்சா கண்டுபுடிக்கிற கருவி, போன் டவர் இல்லாத எடத்துக்கு அவசர சிக்னல் கருவி எல்லாம் வேணும். இதுல கியான்னு ஒரு மலைக் கிளி வேற, டென்ட்ட கொத்திக் கிழிச்சுட்டுப் போகும், அதைச் சுடக் கூடாது, பாதுகாக்கப்பட்ட பறவை.

கேள்வி: பாகிஸ்தான்ல மார்க்கோர் ஆட்டை சுட லட்சம் டாலருக்கு மேல வாங்கறாங்களாமே? சுட்டா எப்படி சார் ஆடு பொழைக்கும்?
- வாசகர், கோவை

பதில்: எனக்கும் உறுத்தலான விஷயம்தான், ஆனா கணக்கு ஒத்து வருது. மொதல் கேள்வில சொன்ன அதே கணக்கு, இங்க தலைகீழா உதவுது. ஒரு வருஷத்துக்கு சொற்பமாத்தான் பெர்மிட், அதுவும் வயசான கெடாவுக்கு மட்டும், அதனால மந்தைக்கு ஒண்ணும் ஆகாது. வர்ற காசுல 80 சதவீதம் அந்த மலை கிராமத்துக்கே போகுது. முன்னாடி கறிக்கு சுட்ட ஊர்க்காரங்களே இப்ப காவல் காக்கறாங்க. 2015-ல ஐயுசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காரங்க மார்க்கோரை அழியும் நிலைப் பட்டியல்ல இருந்து ரெண்டு படி எறக்கி வெச்சாங்க. ஆனா இதையே நம்ம வரையாட்டுக்கும் செய்யலாமேன்னு யாரும் கெளம்பிடாதீங்க. ஆயிரத்துச் சொச்சம் ஆடு துண்டு துண்டா ஒவ்வொரு மலையிலயும் ஒதுங்கிக் கெடக்குது, காட்டை வெட்டித் தோட்டம் போட்டது நாம, அதுக்கு வேண்டியது புல்வெளிதான்.

கேள்வி: தார் கறி ருசியா இருக்குமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இணை சேர்ற காலத்துக் கெடான்னா கிட்டயே போக முடியாத வாடை. எளம் பெட்டை நல்லா இருக்கும்ங்கறாங்க, கறிக்குன்னு போறவங்க அதைத்தான் தேடறாங்க. அதுதான் அந்த ஊர் மலைக்கும் நல்லது, நாலு பேர் நல்லா கொழம்பு வெக்கக் கத்துக்கிட்டா ஹெலிகாப்டர் செலவாவது மிச்சமாகும்.