ராஜாஜி உங்கள் பள்ளியில் படிக்கவில்லை

கேள்வி: எங்கள் மாநகராட்சிப் பள்ளிக்கு நூறு வயது நிறைகிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் கொண்டுவருகிறோம். ராஜாஜி எங்கள் பள்ளியில் படித்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதை முதல் பக்கத்தில் போடலாமா? ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு இருப்பது போலக் கீதம், சின்னம், ஹவுஸ் என்று எந்த மரபும் எங்களுக்கு இல்லை. இந்த ஆண்டே அவற்றை உருவாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை. உங்கள் கருத்து?
- ஒரு பழைய மாணவர், சேலம்

பதில்: முதலில் ராஜாஜியை இறக்கி வைத்துவிடுவோம். அவர் பிறந்தது 1878. உங்கள் பள்ளிக்கு இப்போதுதான் நூறு என்றால், அது தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அந்த வயதில் அவர் உங்கள் பள்ளியில் வந்து ஃபர்ஸ்ட் ஃபாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், உட்கார்ந்தார் என்று அச்சடித்தால் சிரிப்பவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்க மாட்டார்கள். அவர் படித்தது ஓசூரில், அப்புறம் பெங்களூரு, சென்னை. சேலத்துக்கு வந்தது 1900 வாக்கில், வக்கீலாக. 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். நகராட்சிப் பள்ளிகளுக்கும் அவருக்கும் உறவு உண்டு என்றால் அந்த வகையில்தான்.

அவரை மலரில் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. 1938 ஏப்ரலில், அவர் பிரதமராக (அன்று மாகாண முதல்வருக்கு அந்தப் பெயர்) இருந்த சென்னை மாகாண அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கியது. அதை எதிர்த்து மறியல், சிறை, மாகாணம் முழுக்க அமளி, கடைசியில் 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. உங்கள் பள்ளி அந்த 125-இல் ஒன்றா? பழைய கால அட்டவணையோ ஆசிரியர் வருகைப் பதிவேடோ மிஞ்சியிருந்தால் ஒரு இந்தி பண்டிட் இரண்டு வருடம் வந்து போன தடம் தெரியும். "ராஜாஜி இங்கே படித்தார்" என்ற ஒரு வரியை விட இது எவ்வளவோ மேல். ஊருக்குள் விவாதமும் கிளம்பும், கிளம்பட்டுமே.

சரி, மரபுக்கு வருவோம். ஏற்காட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறீர்கள். சேக்ரட் ஹார்ட் 1894-இல் வந்தது, மான்ட்ஃபோர்ட் 1917-இல். நல்ல பள்ளிகள்தான், அவர்களுடைய வழக்கங்கள் அவர்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் அவை விடுதிப் பள்ளிகளாக வளர்ந்தவை. வீட்டை விட்டு மாதக் கணக்கில் மலை மேல் இருக்கும் பிள்ளைக்கு ஒரு ஹவுஸும் அதற்கு ஒரு நிறமும் பாட ஒரு பாட்டும் தேவைப்படுகிறது. உங்கள் பிள்ளை நாலரை மணிக்கு மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்த் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தவன், இல்லையென்றால் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் பொடி வைக்கப் போனவன். அவனுக்கு எதற்கு ஹவுஸ்? வீடு ஏற்கெனவே இருந்தது, அதில் வேலையும் இருந்தது. நீங்கள் ஹவுஸ் பிரிக்கப் போனால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும்: சேரர், சோழர், பாண்டியர் என்று மூன்று பெயர் வைத்துவிட்டு நாலாவதுக்கு ஆள் கிடைக்காமல் பல்லவரை இழுத்து வருவீர்கள். விளையாட்டு விழா அன்று நாலு கொடி பறக்கும், மறுநாள் பி.டி. வாத்தியாரின் அறையில் சுருண்டு கிடக்கும். (அதே ஏற்காட்டு மலையில் மலையாளி என்ற (கேரளத்தவர் அல்ல, மலைவாழ்) பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. மலைப் பள்ளி என்றதும் அவை ஏனோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, உங்கள் கடிதத்திலும் வரவில்லை.)

மரபு எதுவும் இல்லை என்கிறீர்களே, தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் இரும்பு பீரோவைத் திறந்து பார்த்தீர்களா? சேர்க்கைப் பதிவேடு அதில்தான் இருக்கும். முதல் தொகுதியில் கரையான் பட்டிருக்கலாம், இருந்தாலும் பெரும்பாலும் படிக்க முடியும். பெயர், தகப்பன் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, அம்மை குத்தப்பட்டதா என்ற கேள்வி, எந்த வகுப்பில் சேர்ந்தான், எந்த வகுப்பில் நின்றான், ஏன் நின்றான் என்று கட்டம் கட்டமாக ஓடும். தொழில் கட்டத்தை மட்டும் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் படித்தால் ஊர் எப்படி மாறியது என்று தெரிந்துவிடும். நெசவும் மண்டி வியாபாரமும் ரயில்வேயும் எப்போதும் இருக்கும். 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா நிறுவனம் வந்த பிறகு ஸ்டுடியோ வேலை என்று எழுதிய தகப்பன் எவராவது வருகிறாரா, ஜவ்வரிசி ஆலை எப்போது தலைகாட்டுகிறது, எண்பதுகளில் இரும்பாலை எத்தனை பேருக்குச் சோறு போட்டது, எல்லாம் அந்த ஒரு கட்டத்தில். சொந்த ஊர் கட்டமும் சுவாரசியமானது. தருமபுரி பிரிந்தது 1965-இல், நாமக்கல் 1997-இல். அதற்கு முன் ஓசூரும் ராசிபுரமும் எல்லாமே சேலம் ஜில்லாதான், எங்கெங்கிருந்தோ வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்த பையன்கள் இருப்பார்கள்.

பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும், பிள்ளைக்கு வயது சரியாக வர வேண்டும், வாத்தியார் பேனாவைத் திறந்து ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அப்படித்தான் நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் கோடையில் பிறந்தவர்கள்.

ஏன் நின்றான் என்ற கட்டத்தில் நிதானமாக நில்லுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. என்ற ஏற்பாடு சென்னை மாகாணத்தில் 1911 வாக்கில் வந்தது, 1978-இல் பிளஸ் டூ வரும் வரை பதினொன்றாம் வகுப்பு வரை ஓடியது, அதைத் தாண்டினால் குமாஸ்தா உத்தியோகமாவது நிச்சயம் என்பது கணக்கு. ஆனால் ஆறில் சேர்ந்த எத்தனை பேர் பதினொன்றைத் தொட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் சம்பளம் (பள்ளிக் கட்டணம்) கட்ட வேண்டியிருந்த காலம் அது, அரைச் சம்பளச் சலுகைக்கே தலைமை ஆசிரியர் வீட்டு வாசலில் நின்றார்கள். 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்து, அது பத்தாம் வகுப்பு வரை நீண்ட பிறகுதான் உயர்நிலைப் பள்ளிப் பையனின் தட்டில் சோறு விழுந்தது. இந்த ஆண்டுகளைப் பதிவேட்டில் நின்றவர்கள் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து எந்த மலரும் இதைச் செய்ததில்லை. எல்லா மலரிலும் முதல் நாற்பது பக்கம் வாழ்த்துச் செய்தி, அடுத்து கலெக்டர் ஆனவர், டாக்டர் ஆனவர், நடுவில் நகைக்கடை விளம்பரம். எட்டாவதோடு நின்று தறியில் உட்கார்ந்த ஆயிரம் பேரும் உங்கள் பழைய மாணவர்கள்தான், மறந்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவேட்டைப் படிக்கலாம், தகவலைத் தொகுக்கலாம், ஆனால் ஆள் பெயரையும் சாதியையும் சேர்த்து ஒரு பக்கத்தைக்கூடப் படம் எடுத்துப் போடாதீர்கள். பேரன்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

வழக்கங்கள் வேறு உங்களிடம் குவிந்து கிடக்கின்றன. மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, காலை வணக்கக் கூட்டத்தில் நடுங்கும் குரலில் தலைப்புச் செய்தி வாசித்த ஏழாம் வகுப்புப் பையன், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இலக்கிய மன்றம், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் பெஞ்சைக் கழுவி விட்டுப் பொரி வாங்கியது. பெஞ்சிலும் கடிகாரத்திலும் "உபயம்" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறதே, அதற்குப் பின்னால் 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இருக்கக்கூடும். ஊர்க்காரர்கள் நாற்காலி, கரும்பலகை, நிலம் என்று மேடையில் ஏறிக் கொடுத்த காலம். பெயிண்ட் உதிர்வதற்குள் எழுதி வையுங்கள். ஆடி மாத மாரியம்மன் திருவிழாவின் அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கைக்கு மறுநாள் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சேலத்தின் குகை வட்டாரத்தில் வேலை பார்த்த எந்த வாத்தியாரையும் கேளுங்கள், அதுவும் நூறு வருட வழக்கம்தான், எந்தச் சுற்றறிக்கையாலும் மாற்ற முடியவில்லை.

கசப்பானதையும் விடாதீர்கள். பிரம்பு இருந்தது, 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கும் வரை அதைப் பெருமையாகவே பேசினோம், இப்போதும் "அடிச்ச அடியிலதான் சார் நான் ஆளானேன்" என்று விழா மேடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் பக்கத்திலேயே அடிக்குப் பயந்து நின்றுபோனவர் ஒருவரையும் பேச வையுங்கள். கூட்டுகிற வேலை யார் தலையில் விழுந்தது, தண்ணீர்ப் பானையை யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்களா என்று எழுபது தாண்டியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் "நம்ம ஸ்கூல்ல அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள்.

பள்ளி தொடங்கிய ஆண்டையும் இன்னொரு முறை சரிபாருங்கள். தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்து, நடுநிலையாகி, பிறகு உயர்நிலை ஆனவைதான் நிறைய. சேலம் அரசு கலைக் கல்லூரியே 1857-இல் பள்ளியாகத் தொடங்கியதுதான். வாசலில் எழுதியிருக்கும் ஆண்டு இதில் எந்தப் படியைக் குறிக்கிறது என்பதைப் பெயர்ப் பலகை சொல்லாது, ஆய்வாளர் வந்து எழுதிய பார்வைக் குறிப்பேடு சொல்லும்.

கீதம் எழுத ஆசைப்படுகிற தமிழாசிரியர் ஒருவர் நிச்சயம் இருப்பார், எழுதட்டும், தடுக்காதீர்கள். நூற்றாண்டு வளைவு கட்டுவதாக இருந்தால் அதற்கு முன் மாணவிகள் கழிப்பறையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பீரோ சாவி எழுத்தரிடம் இருக்கும். ஜூன் மாதம் மட்டும் போகாதீர்கள், அட்மிஷன் நேரத்தில் போனால் அவர் உங்களைத் திட்டுவார், திட்டுவது நியாயமும்கூட. அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதியோடு போங்கள். தூசு அதிகம், முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள்.