கொழுந்து பறிப்பவருக்கும் யோகா தேவையா?

கேள்வி: எனக்கு வயது 47. கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கிறேன். சில மாதங்களாக மாதவிலக்கு முறை தவறி வருகிறது. காரணமின்றி எரிச்சலும் அழுகையும் வருகின்றன; நள்ளிரவில் விழித்தால் மீண்டும் உறக்கம் வருவதில்லை. மகள் யோகா செய்யச் சொல்கிறாள். நாள் முழுவதும் மேடு ஏறி இறங்கும் எனக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?
– ஒரு வாசகி, நீலகிரி

பதில்: சகோதரி, உங்கள் கேள்வி நியாயமானது. கால்களுக்கும் இதயத்துக்கும் வேண்டிய உழைப்பை அந்தச் சரிவுகளே தந்துவிடுகின்றன. ஆனால் கை கொழுந்திலும், கண் காலில் ஏறும் அட்டைப்பூச்சியிலும், மனம் பறித்ததற்கு மாலையில் போடும் எடையிலும் இருக்கும்போது தோள்கள் இறுகி, மூச்சு மேலோட்டமாகவே ஓடுகிறது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோனின் சுரப்பு ஏறி இறங்குவதால், அது மனநிலையையும் உறக்கத்தையும் அசைத்துப் பார்க்கிறது. ஆகவே இந்த அழுகையை உங்கள் பலவீனமாக எண்ண வேண்டாம்.

யோகா, மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சி போன்றவற்றில் அசைவும் மூச்சும் கவனமும் ஒன்றாகச் சேர்கின்றன. மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும் என்பதால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை என்ற அளவில், வெளிமூச்சை நீட்டி மெதுவாகச் சுவாசிக்கும்போது உடல் பதற்ற நிலையிலிருந்து இறங்குகிறது. இத்தகைய பயிற்சிகள் நடுவயதுப் பெண்களின் பதற்றத்தையும் சோர்வையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தப் பருவத்தில் உடல் திடீரெனச் சூடேறுவதை இவை நிறுத்திவிடும் என்று மட்டும் நான் உறுதி சொல்லமாட்டேன்.

நாள் முழுவதும் குனிந்து நிமிரும் முதுகுக்குக் கடினமான ஆசனங்கள் வேண்டாம். மாலையில் வீடு திரும்பியதும், நம் மலைக்குளிரில் வெறுந்தரையில் படுக்காமல், கம்பளியை விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்து, வயிறு எழுந்து தாழ்வதைக் கவனித்தபடி பத்து நிமிடம் இருங்கள். பிறகு எழுந்து நின்று, மூச்சோடு இணைத்துக் கைகளை மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள். அந்த நேரத்தில் யாரும் அழைக்காதிருக்க மகளையே காவல் வைக்கலாம். இரத்த அழுத்தம் இருந்தால் மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதியையும் தவிர்த்துவிடுங்கள்.

இதனுடன் மருத்துவரிடம் சென்று தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். இவையும் இதே சோர்வைத் தரும். இரண்டு வாரங்களுக்கு மேல் துயரம் நீங்காவிட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, பயிற்சியை நம்பிக் காத்திராமல் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம்.