பிரெஞ்சுச் சாமியாருக்குத் தமிழ் எதற்கு?

சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலைக் கட்டிய பிரெஞ்சுச் சாமியார்கள் ஏன் தமிழ் படித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குருவிடம் தனியே பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்க முடியாதே! குவீன் ஸ்திரீட் பேதுரு பவுல் கோயிலில் பியர் பாரிஸ் சாமியார் சீனர்களிடம் சீனத்திலும் நம்மவர்களிடம் தமிழிலும் பேசினார். 1883-இல் அவர் காலமானார். பிறகு மெனுவ்ரியே சாமியாரின் முயற்சியால் 1888-இல் தமிழருக்கென்று லூர்து மாதா கோயில் எழுந்தது.

அந்தக் காலத்தில் இந்தச் சாமியார்களுக்குப் பிரான்ஸை விட்டு வருவது பெரும்பாலும் திரும்பாப் பயணம். பாரிஸ் நகரிலிருந்து புறப்படும் நாளில் உற்றார் வரிசையாக வந்து அந்த இளம் குருக்களின் பாதங்களை முத்தமிட்டு அனுப்புவார்கள். ஞாயிறு தமிழ்ப் பூசையில் முழந்தாளிடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதங்கள்தான் நினைவுக்கு வரும்.