பார்க்கக் காசு கேட்பதில்லை: புதுச்சேரி கடைத்தெரு கேள்வி – பதில்

விடுமுறை நாளில் புதுச்சேரிக்குப் போய்க் கடை கடையாக வேடிக்கை பார்ப்பது, பேக்கரி, சாக்லேட், சீஸ் என்று விலை கூடிய பண்டங்களைத் தேடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பேக்கரி, பால் பொருள், சில்லறை வியாபாரம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். லீவு நாளில் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய், பெரிதாக எதுவும் வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வர ஆசை. எந்த நாள், எந்த வரிசையில் போவது நல்லது? – மஞ்சக்குப்பம் வாசகி

எந்த நாள் என்பது நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஞாயிறு போனால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். நடைபாதை முழுக்கத் துணி, பாத்திரம், பழைய புத்தகம், செருப்பு. வேடிக்கைக்கு அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. ஆனால் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடுதான். கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்த கடைகளும் சீஸும்தான் முக்கியம் என்றால் சனிக்கிழமை போங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரி அரசுக்கு விடுமுறை. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்காது. நவம்பர் 1 விடுதலை நாள். அன்று காலை கடற்கரைச் சாலையில் கொடியேற்றமும் அணிவகுப்பும் இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: கெடுகிற பொருளைக் கடைசியில் வாங்குவது. காலை எட்டு, எட்டரைக்குள் புஸ்ஸி வீதிப் பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். ரொட்டிக்கு அதுதான் நல்ல நேரம். வெயில் ஏறுவதற்குள் நேரு வீதியும் பெரிய மார்க்கெட்டும். பிறகு மிஷன் வீதி. மதியம் ஒரு மணிக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு நாலு மணிவாக்கில் திறக்கும் பழக்கம் இந்த ஊரில் இன்னும் பல கடைகளுக்கு உண்டு. அந்த மூன்று மணி நேரம் தெருவில் நின்றால் வெயில் காய்வதுதான் மிச்சம். சாப்பாட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்குக் காலையில் குறித்து வைத்த கடைகளுக்குத் திரும்பி வாங்க வேண்டியதை வாங்கலாம். மாலை ஆறிலிருந்து கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமல் நடக்கவிடலாம்.

காலைச் சுற்றில் பொருளின் பின்பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலை, எடை, சேர்மானம், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தில் ஒரு கிராம் விலை என்ன என்பதையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். இரண்டு கடைப் பொருளை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். அட்டைப்பெட்டியின் அளவு ஏமாற்றும்.

கேள்வி: வாங்காமல் வெளியே வந்தால் கடைக்காரர் ஏதாவது நினைப்பாரோ? – திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

நினைக்கமாட்டார். உள்ளே நுழைந்ததும் “சும்மா பார்க்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள், இரண்டு பேருக்கும் நிம்மதி. கூட்ட நேரத்தில் பில் போடும் இடத்தை மறிக்காதீர்கள். கண்ணாடிக்குள் இருப்பதை நீங்களாகத் தொடாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். எடை போட்டு விற்கும் சீஸ், ஆலிவ், சாக்லேட்டில் ருசி பார்க்க ஒரு துண்டு கேட்பதில் தவறே இல்லை. ஒரே கடையில் ஏழு வகை கேட்பதுதான் அநாகரிகம்.

கேள்வி: ஆரோவில் பக்கம் செய்கிற சாக்லேட் பட்டை ஏன் அவ்வளவு விலை? வாங்கி வந்ததில் வெள்ளைப் பூத்தது போல இருந்தது. பழசைத் தலையில் கட்டிவிட்டார்களா? – நெல்லிக்குப்பம் வாசகி

விலையை முதலில் கிராமுக்கு மாற்றுங்கள். 60 கிராம் பட்டை 300 ரூபாய் என்றால் கிராம் ஐந்து ரூபாய். அதற்கு என்ன கிடைக்கிறது என்று சேர்மானப் பட்டியல் சொல்லும். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. கோகோ, சர்க்கரை, கோகோ பட்டர் என்று மூன்று நான்கு பெயரோடு முடிந்தால் அது சாக்லேட். ‘ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்’ என்று இருந்தால் அது காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் கெட்டியாக்கிய தாவர எண்ணெய். அதையும் தங்கத்தாள் சுற்றி நல்ல விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். வாயில் போட்டால் தெரிந்துவிடும்: கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவில், அதாவது உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகும். நாக்கில் வைத்ததும் கரையும். காம்பவுண்ட் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

‘70 சதவீதம்’ என்பது கோகோவும் கோகோ வெண்ணெயும் சேர்ந்த கணக்கு. மீதி 30 பெரும்பாலும் சர்க்கரை. 60 கிராம் பட்டையில் சுமார் 18 கிராம். கொட்டையிலிருந்து பட்டைவரை ஒரே இடத்தில் செய்பவர்கள், ஆரோவில் பக்கத்து மேசன் அண்ட் கோ போன்றவர்கள், கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, கல் உருளையில் நாள் கணக்கில் அரைக்கிறார்கள். உலகெங்கும் சின்னச் சாக்லேட் பட்டறைகளில் சுழலும் அரைவை இயந்திரங்களில் பல நம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் வழிவந்தவை. மாவு அரைத்த கல்லுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

வெள்ளைப் பூத்த விஷயம். விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கி மறைந்தால் கொழுப்பு மேலே வந்திருக்கிறது: வெயிலில் பையில் இளகி மறுபடி உறைந்ததன் விளைவு. சொரசொரவென்று இருந்தால் சர்க்கரை: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரித்ததால் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, காய்ந்து மேலே நின்றுவிட்டது. இரண்டும் கெட்டுப்போனதல்ல, சாப்பிடலாம், மொறுமொறுப்பு மட்டும் போயிருக்கும். பாலில் போட்டுக் காய்ச்சிவிடுங்கள். அடுத்த முறை காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், டப்பாவோடு வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

கேள்வி: சீஸ் வாங்கிக் கடலூர் கொண்டுவருவதற்குள் கெட்டுவிடுமா? நாங்கள் சைவம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்? – வண்டிப்பாளையம் வாசகி

தூரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான்; பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். சீஸைக் கெடுப்பது அந்த ஒரு மணி நேரமல்ல, அதற்கு முன் பையில் கிடந்து ஊர் சுற்றிய நேரம். அதனால்தான் கடைசியில் வாங்கச் சொன்னோம்.

செடார், கௌடா, பார்மசான் வகை போன்ற கெட்டி சீஸில் ஈரம் குறைவு. குளிர் காக்கும் பையில் இரண்டு மணி நேரம் தாங்கும். ரிக்கோட்டா, உப்பு நீரில் மிதக்கும் மொசரெல்லா, வெள்ளைத் தோல் போர்த்திய பிரீ வகை எல்லாம் பால் போலத்தான்; ஐஸ் இல்லாமல் எடுத்து வராதீர்கள். முதல் நாள் இரவே அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி ஃப்ரீஸரில் உறைய வையுங்கள். காலையில் துண்டில் சுற்றிக் குளிர் காக்கும் பைக்குள் வைத்துவிட்டால் மாலைவரை ஓரளவு நிற்கும். முழுதும் கரைந்துவிட்டால் கடையிலேயே ஐஸ் கேளுங்கள். பாட்டிலுக்கும் சீஸுக்கும் நடுவே நாலு மடிப்புச் செய்தித்தாள் வேண்டும். நேரடியாக ஐஸில் பட்ட இடம் உறைந்து, பிறகு உதிரியாகிவிடும்.

எவ்வளவு வாங்குவது? நாலு பேர் ருசி பார்க்க ஒரு வகையில் 100 கிராம் தாராளம். ஆரோவில்லின் லா ஃபெர்ம் 1988 முதல் சீஸ் செய்கிறது. புதுச்சேரி கடைகளில் கிடைக்கும். முதல் தடவை வாங்குபவர்கள் கெட்டி வகை ஒன்று, இளசு ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். வாடை அதிகமான நீலப் பூஞ்சை வகையை வீட்டில் எல்லோரும் ருசித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் இருக்கும் தயிருக்கும் அந்த வாடை ஏறும், வீட்டில் சண்டையும் ஏறும்.

சைவம் பற்றி: பாலைத் திரிக்க ரென்னட் என்ற நொதி வேண்டும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து எடுப்பதும் உண்டு. இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிஜியானோ ரெஜியானோவில் கன்று ரென்னட்தான், சைவர்களுக்கு ஆகாது. இங்கே செய்யும் பார்மசான் வகையில் பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கலாம். வெட்டி எடை போட்டுத் தந்தால் தாளில் புள்ளி இருக்காது. முழு வட்டின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக்கிலேயே இருந்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கெட்டி சீஸில் பூஞ்சை தெரிந்தால் சுற்றிலும் ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். இளசில் தெரிந்தால் முழுதும் குப்பைக்கு. பரிமாற இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும், நம் ஊர்ச் சூட்டில் அதற்கு மேல் வைத்தால் எண்ணெய் கசியும்.

கேள்வி: காலையில் மொறுமொறு என்று வாங்கிய பாகெட் ரொட்டி சாயங்காலம் ரப்பர் ஆகிவிட்டது. க்ராசான் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – பாகூர் வாசகர்

பாகெட் என்ற நீள பிரெஞ்சு ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறில்லை, கொழுப்பு கிடையாது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றை மேல் ஓடு உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் உள்ளிருக்கும் ஈரமும் சேர்ந்து ஒரு மணி நேரத்திலேயே தொய்ந்துவிடும். காகிதப் பையில், வாய் திறந்தபடி எடுத்து வாருங்கள். தொய்ந்ததை மீட்க, மேலே தண்ணீர் தெளித்து 200 டிகிரி அவனில் ஐந்து நிமிடம். அவன் இல்லையா? கனமான தோசைக்கல்லைக் காய வைத்து, தீயைக் குறைத்து, துண்டுகளை வைத்து இரண்டு நிமிடம் மூடி, பிறகு மூடியைத் திறந்து திருப்பிப் போடுங்கள். உடனே சாப்பிட வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் ரொட்டி சீக்கிரம் வறண்டுபோகும். ஃப்ரீஸர் சரி.

மாவில் வெண்ணெய் வைத்து மடித்துச் சுடும் க்ராசான், கையில் எடுத்தால் அளவுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும், நிறம் நல்ல பழுப்பாக இருக்க வேண்டும். வெட்டினால் உள்ளே பெரிய பெரிய கண்களாகத் தெரியும். பிசுபிசுவென்று அடர்ந்திருந்தால் மாவு உப்ப நேரம் கொடுக்கவில்லை, அல்லது மடிக்கும்போதே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டது. சாப்பிட்ட பின் மேலண்ணத்தில் படலம் நின்றால் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின், அதாவது தாவர எண்ணெயில் செய்த போலி வெண்ணெய். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். மேல் பளபளப்புக்குப் பெரும்பாலும் முட்டை தடவியிருப்பார்கள்.

கேள்வி: ‘ஃப்ரெஞ்ச் கறி மசாலா’, ‘வடுவான்’ என்று அழகான பாட்டிலில் விற்கிறார்கள். வாங்கலாமா? – ரெட்டிச்சாவடி வாசகி

நம் வெங்காய வடகம்தான் அது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி நாள் கணக்கில் காயவைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் சுவை கண்டு விளக்கெண்ணெயை விட்டுவிட்டுத் தூளாக்கினார்கள். வெளியூர் நண்பருக்குப் பரிசு என்றால் பாட்டில் அழகு. சமையலுக்கு என்றால் பெரிய மார்க்கெட் மளிகைக் கடையில் உருண்டையாக வாங்குங்கள். விரலால் அழுத்தினால் நெகிழாமல் இருக்க வேண்டும். பிட்டுப் பார்த்தால் நடுவிலும் ஒரே நிறம் வேண்டும். நடுவில் வெளுத்திருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ உள்ளே காயவில்லை, பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சரக்கைத் தள்ளுபடிக் கூடையில் போட்டிருந்தார்கள். எதை எடுக்கலாம்? – செம்மண்டலம் வாசகர்

தேதி நெருங்கியதால்தான் கூடைக்கு வந்திருக்கும். காய்ந்த பாஸ்தா, வினிகர், உப்பு, ஜாம் தாராளமாக எடுங்கள். முந்திரி, வால்நட், காபித்தூள், ஆலிவ் எண்ணெய் வேண்டாம். சிக்கெடுத்திருக்கும் அல்லது மணம் போயிருக்கும். ஆலிவ் எண்ணெய் கூடையில் இல்லாமல் அலமாரியில் வாங்கினாலும் ‘போமஸ்’ என்று இருந்தால் அது சக்கையிலிருந்து எடுத்தது; முதல் தரமான எக்ஸ்ட்ரா வர்ஜினுக்குரிய விலை கொடுக்காதீர்கள். இறக்குமதியாளர் பெயரும் எம்.ஆர்.பி.யும் ஒட்டாத வெளிநாட்டுப் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பீங்கான் தட்டுகள் பழுது என்று குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மேலே சிலந்தி வலை போலக் கோடு. சாப்பிடப் பயன்படுத்தலாமா? – பண்ருட்டி வாசகி

1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையால் புதுச்சேரியில் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டி மண் பாத்திரம், பெயர் பெற்றது. வடிவம் கோணல், நிறம் திட்டு என்ற பழுதுகள் வெறும் அழகுக் குறைதான், வாங்கலாம். நீங்கள் சொல்லும் வலைக்கோடு வேறு. மண் ஒரு அளவும் மேற்பூச்சு வேறொரு அளவும் சுருங்கியதால் பூச்சு வெடித்திருக்கிறது. குழம்பு அந்தக் கோட்டில் இறங்கிக் கறைபடும், கழுவினாலும் போகாது. பழம், முறுக்கு வைக்க மட்டும் வாங்குங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள்: மணி போல ஒலித்தால் சரி, மட்டமாக ‘டொக்’ என்றால் உடம்பிலேயே விரிசல், அதை எடுக்காதீர்கள்.

கேள்வி: சீஸோடு ஒயின் என்கிறார்களே, ஒரு பாட்டில் கொண்டுவரலாமா? – பெயர் வேண்டாம், கடலூர்

வேண்டாம். புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். கெட்டி சீஸுக்குக் கறுப்புத் திராட்சையும், உப்புப் போடாமல் வறுத்த பண்ருட்டி முந்திரியும் நன்றாகச் சேரும்.